சூட்டோடு கலந்தால் புரோபயாடிக் என்ன செய்யும்?

பர்மாவில் ரங்கூனை அடுத்த துவாந்தே பக்கம் ரோகு மீன் குஞ்சு வளர்க்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "தவிடும் கடலைப் பிண்ணாக்கும் வேகவைத்து உருண்டை பிடித்துப் போடுகிறேன். ரங்கூனில் வாங்கிய புரோபயாடிக் பவுடரையும் அதிலேயே கலக்கிவிடுகிறேன். பலன் தெரியவில்லை, அளவைக் கூட்டலாமா?"

புரோபயாடிக் என்பது குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர். அளவு இருக்கட்டும், எப்போது கலக்குகிறீர்கள்? அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு என்றால், பாக்கெட்டில் இருப்பது லாக்டோபேசிலஸ் வகையாக இருக்கும் பட்சத்தில் சட்டியிலேயே செத்துவிடும், குஞ்சின் குடலுக்கு எதுவும் போய்ச் சேராது. பேசிலஸ் சப்டிலிஸ் மாதிரியானவை வித்து நிலையில், அதாவது கெட்டி உறைக்குள் உறங்கும் நிலையில் இருப்பதால் சூட்டையும் உலர்வதையும் நன்றாகவே தாங்கும், நம் ஊர்த் தீவனத்துக்கு அதுதான் தோது. ஆனாலும் நன்றாக ஆறவிட்டே கலக்குங்கள். குளோரின் இல்லாத தண்ணீரில் பவுடரைக் கரைத்து, தெளித்துப் பிசைந்து, மேலே கொஞ்சம் கடலை எண்ணெய் தடவினால் குளத்துத் தண்ணீரில் சீக்கிரம் கரைந்து போகாது. அன்றைக்குப் பிசைந்ததை அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

சரி, அளவு. கிராமுக்கு 100 கோடி உயிரணு என்று பாக்கெட்டில் போட்டிருந்தால், கிலோ தீவனத்துக்கு 10 கிராம், அதாவது பர்மா வீசைக்கு (சுமார் 1.63 கிலோ) ஏறக்குறைய 16 கிராம். தீவனத்தில் கிராமுக்கு ஒரு கோடி வரும், அது போதும். இடையில் நிறுத்தினால் சில நாளிலோ வாரங்களிலோ குடலிலிருந்து போய்விடும் என்பதால் விட்டு விட்டுப் போடுவதில் பிரயோஜனமில்லை. தண்ணீரில் தெளிக்கும் வகையைத் தீவனத்தில் கலக்க வேண்டாம், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில் இதைப் போடுவதும் வீண் செலவு, ஏனென்றால் அந்த மருந்து இதையும் சேர்த்தே கொல்லும். அப்புறம், குளத்தில் விட்ட புதிதில் குஞ்சுகள் பெரும்பாலும் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத்தான் தின்னும், உருண்டைக்குக் கூட்டமாக வர ஆரம்பித்த பிறகு தொடங்கினால் போதும்.

எனக்கு உங்கள் பிண்ணாக்கு மேல்தான் சந்தேகம். மழைக்காலத்தில் மூட்டை ஈரமாகிப் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு உண்டாகலாம், அது ஈரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் போகாது. புரோபயாடிக்கை நம்பி அந்த மூட்டையைத் தொடர்ந்து போடாதீர்கள். பிண்ணாக்கை உடைத்துப் பாருங்கள், உள்ளே பச்சையோ கருப்போ திட்டு தெரிந்தாலோ மக்கல் வாடை அடித்தாலோ மூட்டையோடு ஒதுக்கிவிடுங்கள்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க, ஒரே குளத்தில் இரண்டு வலைக்கூண்டு கட்டி, சம எண்ணிக்கையில் குஞ்சு விட்டு, ஒன்றுக்கு மட்டும் பவுடர் சேர்த்துப் போடுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டையும் எண்ணி, எடை போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பாக்கெட் வாங்குங்கள்.