டெஸ்டினிக்கு ஆறு பேர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நண்பர் ஒருவரிடமிருந்து பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்றை வாங்கினேன். அதோடு வந்த டிஸ்குகளில் 'டெஸ்டினி'யும் இருந்தது. பள்ளியில் படித்த நாட்களில் அதன் முன்னோட்டங்களை யூடியூபில் திரும்பத் திரும்பப் பார்த்து ஏங்கியவன் நான். இப்போது தனியாகவே விளையாடிப் பன்னிரண்டு மணி நேரத்தில் கதையை முடித்துவிட்டேன். முடிந்துவிட்டது என்பதே சற்று நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. சுடுவது கைக்கு அவ்வளவு இதமாக இருக்கிறது. ஆனால் யாரோடு, எதற்காகப் போரிட்டேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆன்லைன் ஷூட்டர்களின், அதாவது சுடும் விளையாட்டுகளின், போக்கையே மாற்றிய விளையாட்டு என்று நீங்கள் ஓர் உரையாடலில் இதைக் குறிப்பிட்டீர்கள். அந்த ஆரவாரத்துக்கு இது உண்மையிலேயே தகுதியானதா, அல்லது விளம்பரம் ஊதிப் பெருக்கியதா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

2014 செப்டம்பர் 9 அன்று டெஸ்டினி வெளிவந்தபோது முதல் வாரத்திலேயே வாங்கியவர்களில் நானும் ஒருவன். நீங்கள் இன்று எழுதியிருப்பதை ஏறத்தாழ இதே சொற்களில் அன்று நானும் நண்பர்களிடம் புலம்பியிருக்கிறேன். அதன்பின் ஒரு மாதத்துக்குள் என் எண்ணம் பாதி மாறியது. மாறாத மறுபாதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்த ஆரவாரம் எப்படிப்பட்டது என்று பார்க்கலாம். அது ரசிகர்களின் மனத்தில் தானாக முளைத்ததல்ல. 'ஹேலோ' வரிசையை உருவாக்கிய பங்கி நிறுவனம், மைக்ரோசாஃப்டிலிருந்து பிரிந்துவந்தபின், 2010-இல் ஆக்டிவிஷன் என்ற வெளியீட்டு நிறுவனத்துடன் பத்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. வேறொரு வழக்கின்போது 2012-இல் அந்த ஒப்பந்தம் வெளியே வந்துவிட்டது. 2013, 2015, 2017, 2019 என இரண்டாண்டுக்கு ஒரு விளையாட்டு வீதம் நான்கு விளையாட்டுகள் வரவேண்டும் என்று அதில் கால அட்டவணையே போட்டிருந்தார்கள். விமர்சன மதிப்பெண்களின் சராசரி தொண்ணூறைத் தொட்டால் பங்கிக்கு 25 லட்சம் டாலர் ஊக்கத்தொகை என்றும் எழுதியிருந்தது. இன்னும் பிறக்காத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் சேர்த்து எழுதிவைத்த ஜாதகம் அது. விளையாட்டு ஓராண்டு தாமதமாக வந்தது. சராசரி எழுபதுகளின் நடுவில் நின்றது. முதல் நாளிலேயே 50 கோடி டாலர் விற்பனை என்று ஆக்டிவிஷன் அறிவித்ததை நீங்கள் படித்திருக்கக்கூடும். அது கடைகளுக்கு அனுப்பப்பட்ட சரக்கின் மதிப்பையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. மக்கள் கையிலிருந்து அன்று வந்த பணம் மட்டும் என்று அதைப் படித்துக்கொள்ளக் கூடாது.

கதையைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு உதவ வரும் அந்நியப் பெண் ஒருத்தி, விளக்கம் சொல்ல ஏன் நேரமில்லை என்பதை விளக்கக்கூடத் தனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறாள் அல்லவா, அந்த வசனம் அன்று ஊரெல்லாம் சிரித்த வசனம். வெளியீட்டுக்கு ஓராண்டு முன்பு, 2013-இன் கோடையில், எழுதிமுடித்த கதையை நிறுவனத்தின் தலைமை நிராகரித்துவிட்டு, இருந்த துண்டுகளை வைத்தே புதிதாக ஒன்றைக் கோக்கச் சொன்னது என்று ஜேசன் ஷ்ரையர் 2015-இல் கோட்டாக்கு இதழில் விரிவாக எழுதினார். கதைக்குப் பொறுப்பாயிருந்த ஜோசஃப் ஸ்டேட்டன் 2013 செப்டம்பரில் நிறுவனத்தை விட்டுப் போனார். களங்களை வடிவமைக்கும் மென்பொருள் எவ்வளவு மெதுவாக இயங்கியது என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது: ஒரு பொருளை இரண்டு அங்குலம் நகர்த்த வேண்டுமென்றால்கூட, அந்த வரைபடத்தை முந்தைய இரவே திறக்கவிட்டுப் போகவேண்டுமாம். வெட்டி ஒட்டிய கதையை அப்படியொரு கருவியால் ஓராண்டுக்குள் தைத்துச் சீராக்க முடியாது. அந்த உலகத்தின் வரலாற்றையோ 'கிரிமோர்' என்ற அட்டைகளில் எழுதி, விளையாட்டுக்குள் படிக்க வழியில்லாமல், நிறுவனத்தின் தளத்திலும் செயலியிலும் வைத்தார்கள். அறுபது டாலர் கொடுத்து வாங்கியவர், தான் யாரைச் சுட்டார் என்று தெரிந்துகொள்ள விளையாட்டை அணைத்துவிட்டு ஃபோனை எடுக்கவேண்டியிருந்தது. ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். உங்களோடு பறந்துவரும் துணை இயந்திரமான 'கோஸ்ட்'டின் குரல், இன்று நீங்கள் கேட்டது, நாங்கள் முதலில் கேட்ட குரல் அல்ல. அன்று பேசியவர் நடிகர் பீட்டர் டிங்க்லேஜ். தூக்கக் கலக்கத்தில் படித்தது போல இருக்கிறது என்று பலரும் குறைப்பட்டார்கள். 2015-இல் நோலன் நார்த் என்ற குரல் நடிகரை வைத்து எல்லா வசனங்களையும் மறுபடி பதிவுசெய்தார்கள்.

சுடுவதன் இதத்தை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது அவ்வளவு சிறிய விஷயமாகப் படவில்லை. கன்ட்ரோலரின் சிறு குச்சியைக் கட்டைவிரலால் நகர்த்திக் குறிபார்ப்பது இயல்பிலேயே தடுமாற்றமான வேலை. குறி எதிரியின் அருகே வரும்போது அதன் வேகத்தை நமக்குத் தெரியாமல் குறைப்பது, நூலிழையில் தப்பவிருந்த குண்டைச் சற்றே வளைத்துச் சேர்ப்பது, தலையில் பட்டால் மட்டும் ஒலியையும் எண்ணின் நிறத்தையும் மாற்றுவது என்று மறைவான உதவிகள் பலவற்றை இழைத்துத்தான் அந்த இதம் உண்டாகிறது. உதவி கூடினால் விளையாடுபவருக்குச் சலிக்கும், குறைந்தால் எரிச்சல் வரும். ஹேலோ நாட்களிலிருந்தே பங்கி இதில் தேர்ந்த கை. விளம்பரத்தில் இதைக் காட்ட முடியாது என்பதால், முன்னோட்டங்கள் கோள்களையும் விண்கலங்களையும் காட்டின.

'பகிரப்பட்ட உலகின் ஷூட்டர்' என்று அவர்கள் இதற்குப் பெயரிட்டதில் பொய் இல்லை. நீங்கள் நிலவில் தனியே நடந்துகொண்டிருக்கும்போது, எந்த இடைநிறுத்தமும் இல்லாமல் முன்பின் தெரியாத ஒருவர் குன்றின் பின்னாலிருந்து வந்து உங்களோடு சேர்ந்து சுட்டுவிட்டுப் போவார். இதற்காக வேலையை இரண்டாகப் பிரித்திருந்தார்கள்: பணியின் போக்கை நிறுவனத்தின் சர்வர் பார்த்துக்கொண்டது, எதிரிகளின் அசைவும் மோதலும் போன்ற உடனடிக் கணக்குகளை அங்கிருந்த யாரோ ஒருவரின் கருவி பார்த்துக்கொண்டது, அவர் விலகிப்போனால் பொறுப்பு அடுத்தவர் கருவிக்கு மாறிவிடும். இவ்வளவு நுட்பமும் கூடிவந்தபின், சந்தித்த அந்நியரிடம் பேசத்தான் வழி வைக்கவில்லை. கையசைக்கலாம், சுட்டிக்காட்டலாம், உட்காரலாம், நடனமாடலாம். திருவிழாக் கூட்டத்தில் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டு நடப்பது போன்ற உலகம்.

அப்புறம் ஒரு குகையின் கதை. அன்று, கதை முடிந்து லெவல் 20 தொட்டபின், அணிந்திருக்கும் கவசங்களின் தரம்தான் உங்கள் நிலையை உயர்த்தியது. நல்ல கவசமோ அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அரிதான ஊதா நிறப் பொருளை ஆசையோடு, பொருள்களைப் பிரித்துத்தரும் கிரிப்டார்க்கிடம் கொண்டுபோனால், அவர் பிரித்து அதைவிடத் தரம் குறைந்த நீல நிறத்தில் ஒன்றைத் தந்தார். ஆகவே பூமியின் ஒரு மூலையில், எதிரிகள் ஓயாமல் வெளிவரும் குகை ஒன்றைக் கண்டுபிடித்து, ஆட்கள் வரிசையாக நின்று அதன் வாயை மணிக்கணக்கில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் முடிவதற்குள் பங்கி அதை அடைத்துவிட்டது. நானும் அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் நின்றேன். அதைப் பற்றி எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

இனி, என் எண்ணம் எங்கே மாறியது என்பதற்கு வருகிறேன். வெளியீட்டுக்கு ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 16 அன்று, வெள்ளிக் கோளில் 'வால்ட் ஆஃப் கிளாஸ்' என்ற ரெய்டை, அதாவது கடினமான குழுப்பணியை, திறந்தார்கள். ஆறு பேர் சேர்ந்து விளையாட வேண்டியது. அதுவரை திரையில் ஓயாமல் வழிகாட்டிய விளையாட்டு, அதன் நுழைவுக் கதவின் முன்னால் சட்டென்று வாயை மூடிக்கொள்கிறது. எங்கே போவது, எதைக் காப்பது, ஏன் எல்லாரும் ஒரே நொடியில் செத்தோம், எதற்கும் பதில் இல்லை. மூன்று தட்டுகளை ஒரே நேரத்தில் பிடித்து நின்றால்தான் கதவே திறக்கும். உள்ளே, இசைக் குறிப்பு போன்ற ஒலியோடு தோன்றும் ஒளிப்புள்ளிகளைக் குறித்த நேரத்துக்குள் உடைக்க வேண்டும். இருளில் அலையும் கோர்கன் என்ற எதிரிகளின் கண்ணில் படாமல் ஒரு புதிர்ப்பாதையைக் கடக்க வேண்டும். கடைசியில் ஏத்தியான் என்ற தலைமை எதிரி, நம்மில் மூவரை மட்டும் வேறொரு காலத்துக்கு வீசியெறிகிறது. அவர்கள் திரும்பி வருவதற்கான வாயிலை இங்கே நிற்கும் மூவர் திறந்து காக்க வேண்டும். அங்கே போனவர்களில் ஒருவர் கேடயத்தைக் கையிலேந்தி, மற்ற இருவரின் பார்வையை மறைக்கும் இருளைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாங்கள் ஆறு பேரும் வெவ்வேறு ஊர்களில் இருந்தோம். முதல் இரவு கதவைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை. இரண்டாம் இரவு, மறைந்து தோன்றும் பலகைகளின் மீது தாவிச் செல்லும் இடத்தில் ஐவர் அக்கரை போய்ச் சேர்ந்து, நான் பதினோராவது முறை விழுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் இரவு ஏத்தியானின் உயிர் நூலளவு இருக்கும்போது ஒருவர் வீட்டில் மின்சாரம் போய்விட்டது. நான்காம் இரவு, கேடயம் ஏந்தியவர் மைக்கில் "வந்துவிட்டேன், வாயிலைத் திறங்கள்" என்று கத்தியதும், அதைக் கேட்டு அவருடைய குழந்தை விழித்து அழுததும், அந்த அழுகையினூடே நாங்கள் வென்றதும் இன்றும் என் காதில் இருக்கின்றன. எறிகுண்டுகளை வீசி ஏத்தியானை மேடை விளிம்பிலிருந்து தள்ளிவிடும் குறுக்குவழி ஒன்றும் அப்போது இருந்தது. எங்களில் இருவருக்கு அது தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முன்னோட்டங்கள் வாக்களித்ததைவிடப் பெரிய ஒன்று அங்கே இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆறு பேரை நீங்களேதான் சேர்க்க வேண்டும். தனியாக வந்தவருக்குத் துணை தேடித்தரும் ஏற்பாட்டை ரெய்டுக்கு வேண்டுமென்றே வைக்கவில்லை. அறியாத ஆறு பேரைக் கூட்டிவைத்தால் இப்படிப்பட்ட இடத்தில் பாதியில் பிரிந்துவிடுவார்கள் என்ற அவர்கள் வாதம் நியாயமானதே. நாங்களே நான்கு இரவு தாக்குப்பிடித்தது பழைய நட்பினால்தான். இருந்தும், எல்லாருக்கும் என்று கூவி விற்ற பண்டத்தின் தலைசிறந்த பகுதியை, ஐந்து நண்பர்களும் ஒரே மாதிரிக் கருவியும் நான்கு ஓய்வான இரவுகளும் வாய்த்தவருக்கு மட்டும் வைத்தார்கள். விளம்பரத்தை நம்பித் தனியாளாகக் கடைக்குப் போனவருக்குக் கிடைத்தது நீங்கள் விளையாடிய அந்தப் பன்னிரண்டு மணி நேரம். ஆரவாரத்துக்குத் தகுதியா என்ற கேள்வியை அவர் பக்கம் நின்றுதான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படிக் கேட்டால், இல்லை என்பதே என் பதில்.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 செப்டம்பரில் வந்த 'தி டேக்கன் கிங்' விரிவாக்கம், கதையிலும் பொருள் சேர்க்கும் முறையிலும் இருந்த பெரும்பாலான குறைகளைச் சரிசெய்தது. அதற்குத் தனியே பணம் கட்டவேண்டியிருந்தது. 2017-இல் டெஸ்டினி 2 வந்தது. அதன் முதல் கதைப்பகுதியையும் சில கோள்களையும் 2020 நவம்பரில் நிறுவனமே எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய கதையை இன்று திறக்க முடியாது. உங்கள் பழைய டிஸ்கில் வெள்ளிக் கோளும் அந்தக் கதவும் அப்படியே இருக்கின்றன என்பது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

ஆகவே டிஸ்கை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இன்னும் சில லெவல்கள் ஏறுங்கள். நான்கு நண்பர்களைத் தேடிப் பிடியுங்கள். ஆறாவது ஆள் அகப்படாவிட்டால் எனக்கு எழுதுங்கள், வருகிறேன். அந்தத் தாவும் பலகைகளில் எனக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.