பரீட்சை முடிந்தது, இனிமேல்தான் பேப்பர் வேலை: வாசகர் கேள்வி – பதில்

பங்குனி வெயில் ஏற ஏற, பள்ளிக்கூடம் பற்றிய கடிதங்களும் ஏறிவிடுகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தறிக் குடோன்லயே குடும்பத்தோட தங்கியிருந்தோமுங்க. தறி நின்னுபோச்சு, சோமனூருக்கு மாறறோம். பையன் தனியார் பள்ளியில ஒன்பதாவது முடிச்சிருக்கான். கடைசித் தவணை பீஸ் பாக்கி. கட்டுனாத்தான் டி.சி.ன்னு சொல்றாங்க. என்னங்க பண்றது?
— ஒரு தந்தை, பல்லடம்

கட்டண பாக்கியை வசூலிக்க டி.சி.யைப் பிடித்துவைக்கக் கூடாது, பாக்கி இருப்பதை டி.சி.யில் எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாக்கி தள்ளுபடி ஆகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அதைப் பள்ளி சட்டப்படி உங்களிடம் கேட்கலாம், பையனின் படிப்பை அடகு பிடித்துக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

வாயால் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். டி.சி. கேட்டு இரண்டு பிரதியில் விண்ணப்பம் எழுதுங்கள். பையன் பெயர், வகுப்பு, சேர்க்கை எண், எமிஸ் (பள்ளிக் கல்வித்துறையின் இணைய மாணவர் பதிவு) எண், எதற்காக மாறுகிறீர்கள், என்ன தேதி, இவை போதும். ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் அந்த நகலை இணைத்து, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அவருக்கு மேலே முதன்மைக் கல்வி அலுவலர் இருக்கிறார்.

பலர் கோட்டைவிடும் இடம் வேறு. காகித டி.சி. கைக்கு வந்தாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். பழைய பள்ளி எமிஸ் தளத்தில் மாணவனைப் ‘பொதுத் தொகுப்பு’க்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி அவனைத் தன் பட்டியலில் ஏற்ற முடியும். விடுவிக்காமல் விட்டால் பையன் வகுப்பில் உட்கார்ந்திருப்பான், கணக்கில் பழைய பள்ளியிலேயே இருப்பான். பாடப்புத்தகம், பஸ் பாஸ், பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் எல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான் நடக்கின்றன. அதனால் டி.சி. வாங்கும் மேசையிலேயே, “எமிஸ்ல விடுவிச்சுட்டீங்களா?” என்று கேட்டுவிடுங்கள்.

கையில் வாங்கியதும் படித்துப் பாருங்கள்: பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கிறதா, முதலெழுத்து சரியா, மேல்வகுப்புக்குத் தகுதி பெற்றதாக எழுதியிருக்கிறதா, பள்ளியை விட்ட தேதி, அங்க அடையாளங்கள், கையொப்பம், முத்திரை. அசல் புதிய பள்ளியிலேயே தங்கிவிடும். கொடுப்பதற்கு முன் மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் பத்தாவது எழுதியிருக்கிறாள். பள்ளியில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு எழுத்து வேறு மாதிரி. எதை மாற்றுவது?
— ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பிறப்புச் சான்றிதழை எடுத்து முன்னால் வையுங்கள். அதோடு பள்ளிப் பதிவு ஒத்துப்போனால் ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறை, பிறந்த தேதியை ஒரு முறை மாற்றத்தான் சாதாரணமாக அனுமதி. எனவே என்ன எழுத்து வரவேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டு போங்கள்.

பள்ளிப் பதிவில்தான் பிழை என்றால் அவசரம். தேர்வு முடிவோடு வரும் தற்காலிக மதிப்பெண் சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி இருக்கிறது என்று அன்றே பார்த்துவிட்டு, பிழையைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அசல் அச்சாகுமுன் திருத்துவதற்கும் அச்சான பின் திருத்துவதற்கும் அலைச்சலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிறந்த தேதிப் பிழை என்றால் இன்னும் கடினம். பள்ளியை விட்ட பிறகு அது நீதிமன்றம்வரை போகலாம். “பின்னாடி கெஜட்டுல மாத்திக்கலாம்” என்று சிலர் சொல்வார்கள். அரசிதழில் பெயரை மாற்றினாலும் பழைய சான்றிதழில் உள்ள பெயர் அப்படியேதான் இருக்கும். ஆயுளுக்கும் இரண்டையும் சேர்த்தே காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

வேதியியல், இயற்பியல் ஆய்வகத்தைப் பூட்டப்போகிறோம். போன ஜூனில் திறந்தபோது மூன்று பியூரெட் உடைந்தது, நுண்ணோக்கியில் பூஞ்சை. எதைக் கவனிக்கவேண்டும்?
— ஓர் ஆய்வக உதவியாளர், அந்தியூர்

பியூரெட் உடைவது பெரும்பாலும் ரப்பர் குழாயால். கவ்வி போட்ட நிலையிலேயே விட்டால் ஏப்ரல், மே வெக்கையில் ரப்பர் இளகிக் கண்ணாடி முனையோடு ஒட்டிக்கொள்ளும். ஜூனில் இழுக்கும்போது முனை முறியும். ரப்பரைக் கழற்றி, பியூரெட்டை மூன்று முறை நீரில் அலசி, தலைகீழாக மாட்டுங்கள். கண்ணாடித் திருகு உள்ள பியூரெட் என்றால் திருகை எடுத்து, இடையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துச் செருகுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டுத் தங்கினாலும் திருகு இறுகிவிடும். அதே காரணத்தால் அந்தக் கரைசல் பாட்டிலுக்குக் கண்ணாடி மூடி ஆகாது, ரப்பர் தக்கைதான்.

அடர் அமிலங்கள் தரைமட்ட அலமாரியில், ஒரு பிளாஸ்டிக் தட்டின் மேல். நைட்ரிக் அமிலத்தை ஸ்பிரிட், அசிட்டோன் பக்கம் வைக்கவே கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அமோனியாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டின் ஆவியும் சேர்ந்து பாட்டில், தராசு, சன்னல் எல்லாவற்றிலும் வெள்ளைப் பொடி படியும். திறந்தவுடன் “தூசி” என்று துடைப்பது பல நேரம் இந்த அமோனியம் குளோரைடுதான். சோடியம் துண்டு முழுவதும் மண்ணெண்ணெயில் மூழ்கியிருக்கிறதா பாருங்கள். இரண்டு மாதத்தில் மட்டம் இறங்கும். ஸ்பிரிட் விளக்குகளைக் காலி செய்துவிடுங்கள். நிரப்பிய விளக்கோடு அறையைப் பூட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது.

மிஞ்சிய நீர்த்த அமிலத்தைத் தொட்டியில் அப்படியே கொட்டாமல், சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு நுரை அடங்கியபின் நிறையத் தண்ணீரோடு விடுங்கள். சில்வர் நைட்ரேட் மிச்சம் பழுப்பு பாட்டிலில் இருக்கட்டும், விலையுள்ள சரக்கு.

இயற்பியல் பக்கம்: லெக்லாஞ்சி மின்கலத்தின் கரைசலை ஊற்றிவிட்டு, துத்தநாகக் கோலையும் நுண்துளைக் கலனையும் கழுவி நிழலில் காயவையுங்கள். இல்லாவிட்டால் உப்பு விளிம்பேறிப் பூத்து, கோல் அரித்துப்போயிருக்கும். சோனாமீட்டர் கம்பியைத் தளர்த்துங்கள். சட்டக் காந்தங்களை இரண்டிரண்டாக, எதிர்த்துருவங்கள் ஒரே பக்கம் வரும்படி அடுக்கி, முனைகளில் தேனிரும்புத் துண்டு வையுங்கள். மல்டிமீட்டரிலிருந்து பேட்டரி வெளியே.

நுண்ணோக்கிக்குப் பூஞ்சை வருவது ஈரத்தால் மட்டுமில்லை, லென்சில் ஒட்டிய விரல் எண்ணெயாலும். லென்ஸ் தாளால் துடைத்து, துணிப் பையில் சிலிக்கா ஜெல் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். நீல நிறம் இளஞ்சிவப்பானால் வாணலியில் சிறு தீயில் வறுத்தால் மீண்டும் நீலமாகும் (சமையலுக்குப் புழங்காத வாணலி). பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கம் ஜூனில் சாரல் முந்திவிடும், அங்கே இது கட்டாயம்.

கடைசியாக இருப்புப் பதிவேடு. உடைந்ததை உடைந்த ஆண்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மூன்று வருட உடைசலை ஒரே நாளில் எழுதினால் தணிக்கையில் அது உங்கள் தலையில்தான் விடியும்.

அறிவியல் சரியா எழுதலேன்னு பொண்ணு அழுவுறா. செய்முறையில முழு மார்க் இருந்தா பாஸ் ஆயிருமுங்களா?
— ஒரு வாசகி, பெருந்துறை

செய்முறை மட்டும் போதாது. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15, மொத்தம் 35 வேண்டும். செய்முறையில் 25 வாங்கியவருக்கும் எழுத்தில் 20 தேவை. 75-க்கு 20 என்பது அழுத பிள்ளைகளில் பலர் தாண்டிவிடும் உயரம்தான். தவறினாலும் அந்தப் பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதி, அதே ஆண்டில் பிளஸ் 1 சேரலாம்.

பிளஸ் 2 இயற்பியலில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் நேராக மறுமதிப்பீடு போடலாமா?
— ஒரு மாணவர், தாராபுரம்

முதலில் விடைத்தாள் நகல். அது இல்லாமல் மறுமதிப்பீடு கேட்க முடியாது. நகல் கேட்கும்போதே அதே பாடத்துக்கு மறுகூட்டலும் போட்டுவிடாதீர்கள். நகலைப் பார்த்தபின் இரண்டில் எது வேண்டுமோ அதைக் கேட்கலாம். நகல் வந்ததும் பாட ஆசிரியரோடு உட்காருங்கள். ஒவ்வொரு விடையின் மதிப்பெண்ணும் முகப்புக் கட்டத்தில் ஏறியிருக்கிறதா, திருத்தாமல் விட்ட பக்கம் உண்டா என்று பாருங்கள். கூட்டல் பிழை மட்டும் என்றால் மறுகூட்டல் போதும். விடைக்கே மதிப்பெண் குறைத்திருந்தால்தான் மறுமதிப்பீடு, அதில் மதிப்பெண் இறங்கினாலும் அதுவே கடைசி. பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆப்பில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆக இயற்பியலில் கூடும் இரண்டு மதிப்பெண் அங்கே ஒன்றாகத்தான் வந்து சேரும். அதற்கு இந்தச் செலவு தகுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர் என்றால் பள்ளிக்குப் போகும் அதே நாளில் இன்னொரு காரியம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, தமிழ்வழியில் படித்ததற்கான சான்று இரண்டையும் வாங்குங்கள். முதலாவது 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப்புதல்வன் திட்டத்துக்கும் வேண்டும். மாணவிகளுக்குப் புதுமைப் பெண். இரண்டாவது அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமைக்கு. அது ஒன்றாம் வகுப்பிலிருந்தே கேட்கப்படும். மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்றிலும் வாங்கவேண்டும்.

பத்தாவதுக்கு அப்புறம் என்ன குரூப்?
— பலர்

பிள்ளை எதில் உட்கார்ந்து படிக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எங்களால் சொல்லமுடிவது எந்தக் கதவு எங்கே மூடும் என்பதைத்தான். கணிதம் எடுக்காவிட்டால் பொறியியல் கலந்தாய்வு கடினம்; வணிகக் கணிதம் அதற்கு ஈடாகாது. மருத்துவத்துக்கு உயிரியல் வேண்டும். இயந்திரத்தில் கை வைக்க ஆசைப்படும் பிள்ளையைப் பாலிடெக்னிக்கில் விடுங்கள், மூன்றாண்டு. பிளஸ் 2 முடித்தோ இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தோ போனால் நேரடி இரண்டாமாண்டும் உண்டு. ‘பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான்’ என்பதற்காகக் குரூப் எடுக்காதீர்கள்.

லீவுல ரெண்டு மாசம் பனியன் கம்பெனிக்கு அனுப்பலாமுங்களா? பையனுக்குப் பதினஞ்சு முடிஞ்சிருச்சு.
— ஒரு வாசகர், அவிநாசி

14 முடியாதவர்களை எந்த கம்பெனியும் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகள் கூடாது. சாயப்பட்டறை, பாய்லர், ரசாயனப் பக்கம் நினைத்தே பார்க்காதீர்கள். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடப்புக்கு வரும்வரை இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி உங்கள் பையன் வயதுக்காரருக்கு மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டியிருந்தது. பெரியவர் வேலைக்குத் தகுதி என்று சான்று இல்லாவிட்டால் நாளுக்கு நாலரை மணி நேரம் மட்டுமே என்று இருந்தது. சான்று இருந்தாலும் 17 முடியும்வரை காலை 6-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் வேலை வாங்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். சீசன் நேரத்தில் ‘ஒன்றரை ஷிப்ட்’ போடச்சொல்லும் இடத்தில் எந்த நேரக் கட்டுப்பாடும் நடக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

முன்பணம் மட்டும் வாங்காதீர்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது “அட்வான்ஸ் கழியட்டும்” என்ற பேச்சில் பிளஸ் 1 சேர்க்கை தவறிவிடும். கட்டாயப்படுத்தி நிறுத்திவைத்தால் 1098-க்கு அழைக்கலாம்.

கடைசிப் பரீட்சையன்னிக்கு வெள்ளைச் சட்டை முழுக்க மசியும் கையெழுத்தும். தம்பிக்காரனுக்கு அந்தச் சட்டை வேணுமுங்களே!
— ஒரு பாட்டி, திருச்செங்கோடு

வெந்நீரிலோ இஸ்திரியிலோ படவிடாதீர்கள் அம்மணி, கறை ஊறி நின்றுவிடும். மைப்பேனா மசி என்றால் துணியைத் திருப்பிப்போட்டு, கறையின் பின்பக்கமிருந்து குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். பால்பாயின்ட், மார்க்கர் எழுத்துக்குத் தண்ணீர் ஆகாது, ஸ்பிரிட்டோ சானிடைசரோ வேண்டும். கீழே பழைய துணி மடித்து வைத்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். கீழ்த்துணியை அடிக்கடி மாற்றுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, டிடர்ஜென்ட் பொடியே நல்லது. பிளீச்சிங் போட்டால் எலுமிச்சையோ வினிகரோ கூடவே சேர்க்கவேண்டாம், விஷவாயு கிளம்பும். மார்க்கரில் எழுதிய பெயர்கள் முழுதும் போகாது, லேசாகத் தெரியும். பையிருக்கும் பக்கம் மட்டுமென்றால் பையைப் பிரித்துப் புதுத்துணியில் தைத்துவிடலாம்.