கேளுங்கள், சொல்கிறோம்: குடியானவருக்குக் கோணிச் சாக்கா?

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் இடைக்கால ஐரோப்பாவைப் பற்றிய நாடகம் ஒன்றை அரங்கேற்றுகிறோம். அரசருக்குச் சிவப்பு வெல்வெட் அங்கி தைத்தாயிற்று. குடியானவராக நடிக்கும் பிள்ளைகளுக்குக் கோணிச் சாக்கை வெட்டி மாட்டிவிடலாம் என்கிறார்கள். அக்கால ஏழைகள் அப்படித்தான் உடுத்தினார்களா? இன்னார் இன்னதைத்தான் உடுத்த வேண்டும் என்று அங்கே சட்டமே இருந்தது என்பது உண்மையா?
– ஓர் ஆசிரியை, கோத்தகிரி

பதில்: முதலில் அந்தச் சாக்கைக் கழற்றிவிடுங்கள். கோணி நெய்யப் பயன்படும் சணல், வங்காளத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் பெருமளவில் கப்பலேறியது 19ஆம் நூற்றாண்டில்தான். தவிர, தை மாதத்து உறைபனியில் வேலைக்கு நடப்பவர்களை அன்றாடம் பார்க்கும் உங்களுக்கு, அதைவிடக் கடுமையான குளிரில் ஏர் பிடித்தவர் வெறும் சாக்கோடு பிழைத்திருக்க முடியாது என்பதை விளக்க வேண்டியதில்லை. உடலை ஒட்டி லினன் சட்டை, அதன்மேல் கம்பளி அங்கி, கால்களுக்குக் கம்பளி உறை, தோள்வரை மூடும் முக்காடு ஆகியவையே அவருடைய உடை. துணி முரடாக இருக்கும், ஒட்டுப் போட்டும் இருக்கும். ஆனால் எல்லாமே பழுப்பு நிறம் என்பது நாடகக்காரர்களின் கற்பனை. மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து சிவப்பும், அவுரியில் உள்ள அதே சாயப்பொருளைத் தரும் வோடு என்னும் செடியின் இலையிலிருந்து நீலமும், வெளிறிய அளவிலேனும் எளியவர்களுக்கு எட்டின. சாயத்தொட்டியில் முதலில் முக்கியெடுத்த துணியின் அடர்ந்த நிறத்துக்குத்தான் பணம் வேண்டியிருந்தது.

சட்டம் இருந்தது உண்மை. அதில் புகழ்பெற்றது, மூன்றாம் எட்வர்டின் ஆட்சியில் இங்கிலாந்து நாடாளுமன்றம் 1363இல் இயற்றியது. வண்டியோட்டிகள், உழவர்கள், மாடும் ஆடும் மேய்ப்பவர்கள் முதலியோரில் 40 ஷில்லிங் பெறுமான உடைமை இல்லாதவர்கள், ஒரு கெஜம் 12 பென்ஸுக்கு மேற்படாத முரட்டுக் கம்பளியைத்தான் உடுத்த வேண்டும், இடைக்கச்சையும் லினனாகவே இருக்க வேண்டும் என்று அது விதித்தது. கைவினைஞருக்குப் பட்டும் வெள்ளி அணியும் கூடாது. வணிகரிடம் வரும்போதுதான் சட்டம் தடுமாறுகிறது: 1000 பவுன் பெறுமான சரக்குடைய வணிகர், ஆண்டுக்கு 200 பவுன் நில வருமானமுள்ள கனவானுக்கு இணையாக உடுத்தலாம் என்று அது ஒப்புக்கொண்டது. பிறப்பால் வகுத்த ஏணியில் பணத்துக்கும் ஒரு படி ஒதுக்க வேண்டி வந்தது என்பதே, அந்த ஏணி ஆட்டம் கண்டதற்குச் சான்று.

காரணம் தொலைவில் இல்லை. 1348–49இல் இங்கிலாந்தைத் தாக்கிய கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரையோ அதற்கும் மேற்பட்டோரையோ வாரிச் சென்றது. எஞ்சியிருந்த உழைப்பாளிகள் கூடுதல் கூலி கேட்டார்கள். கூலியைக் கட்டிப்போட 1351இல் ஒரு சட்டம் வந்தது. அந்தக் கூலியில் வாங்கிய துணியைக் கட்டிப்போட 1363இல் இன்னொன்று வந்தது. யாரும் உடுத்தாத ஒன்றை உடுத்தாதே என்று எந்த அரசும் சட்டம் போடுவதில்லை என்பதால், இத்தகைய தடைப் பட்டியலை அன்றைய மக்கள் உண்மையில் எதை விரும்பி வாங்கினார்கள் என்பதற்கான பட்டியலாகவே நான் படிக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த உடைச் சட்டம் நீக்கப்பட்டது. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தாரோ வேறு வழி கண்டார்கள்: 1343இல் தடைக்குட்பட்ட ஆடைகளை வைத்திருந்த பெண்கள் அவற்றை நகர அலுவலர்களிடம் காட்டிப் பதிவுசெய்து, ஈய முத்திரை பெற்று, தொடர்ந்து உடுத்திக்கொண்டார்கள்.

ஆகவே உங்கள் குடியானவர்களுக்குப் பழைய கம்பளியே போதும். அவர்களுள் ஒருத்திக்கு மங்கிய நீலம் கொடுத்தால் இன்னும் பொருத்தம்.

கேள்வி: எங்கள் மன்னவனூர் ஆராய்ச்சிப் பண்ணையில் செம்மறியும் முயலும் வளர்க்கிறார்கள். முயல் ரோமம் ஐரோப்பியப் பிரபுக்களின் உடைக்கு உதவியதா?
– ஒரு வாசகர், மேல்மலை, கொடைக்கானல்

பதில்: அது பெரும்பாலும் நடுத்தட்டு மக்களின் ரோமம். மேற்சொன்ன 1363ஆம் ஆண்டுச் சட்டம் கைவினைஞர் வீட்டுப் பெண்களுக்கு அனுமதித்தவை ஆட்டுக்குட்டி, முயல், நரி, பூனை ஆகிய நான்கின் ரோமங்கள் மட்டுமே. (பூனையை யார் விரும்பி உடுத்தினார்களோ!) உயர்குடியினர் நாடியவை இரண்டு: குளிர்காலத்தில் வெண்மையாகும் ஸ்டோட் என்னும் சிறு விலங்கின் எர்மின் தோல், வட ஐரோப்பிய அணிலின் சாம்பல் முதுகும் வெள்ளை வயிறும். ஓர் அங்கிக்கு நூற்றுக்கணக்கான அணில் தோல்களை இணைத்துத் தைக்க வேண்டியிருந்தது. இவ்வளவு செலவழித்த ரோமத்தைப் பெரும்பாலும் உட்புறத்தில்தான் வைத்துத் தைத்தார்கள். வெளியே தெரிந்தது கழுத்திலும் கைவிளிம்பிலும் மடித்துவிட்ட ஒரு விரற்கடை அளவுதான்.