பூட்டிய அலமாரியில் பழைய வேதிப்பொருள்கள்: பள்ளி ஆய்வகத்தைக் காலி செய்வது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள உயர்நிலைப் பள்ளியொன்றில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் ஆய்வகத்தின் பின்னறையில் ஒரு மர அலமாரி பல ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது. டிசம்பர் விடுமுறைக்குள் அதைக் காலி செய்துவிடும்படி முதல்வர் சொல்லியிருக்கிறார். கண்ணாடிக் கதவு வழியே பார்த்ததில், உலோக மூடி போட்ட குப்பியொன்றில் மஞ்சள் படிகங்கள் தெரிகின்றன. லேபிளில் பிக்ரிக் அமிலம் என்று இருக்கிறது. பாதி குறைந்துபோன ஈதர் போத்தல் ஒன்றும், எண்ணெயில் மூழ்கிய பொட்டாசியத் துண்டுகளும் இருக்கின்றன. மற்றவை வழக்கமான அமிலங்களும் உப்புகளும்தாம். துப்புரவுப் பணியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கரைபவற்றைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, மீதியைக் குப்பை வண்டியில் போட்டுவிடலாமா?"

கூடாது. அந்த அலமாரியைத் தற்போதைக்குத் திறக்கவே வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பெயர் சொல்லியிருக்கும் மூன்று பொருள்களும், நீண்ட நாள் கிடந்தால் வாங்கியபோது இருந்ததைவிடக் கொடியவையாக மாறக்கூடியவை. எனவே முதல் வேலை கையால் செய்வதன்று. கண்ணாலும் காகிதத்தாலும் செய்வது. கதவுக்கு வெளியே நின்றபடியே கைப்பேசியில் ஒவ்வொரு தட்டையும் பெரிதாக்கிப் படமெடுங்கள். படத்தைப் பார்த்துப் பொருளின் பெயர், ஏறத்தாழ உள்ள அளவு, மூடி எதனால் ஆனது, கழுத்தில் படிகம் தெரிகிறதா, லேபிளில் தேதி இருக்கிறதா என்பவற்றைப் பட்டியலாக எழுதுங்கள். மர அலமாரியின் கதவு ஈரத்தில் உப்பி இறுகியிருக்கும். அதை வெடுக்கென்று இழுத்தால் உள்ளே எல்லாம் குலுங்கும்.

பிக்ரிக் அமிலத்தை முதலில் விளக்கிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அந்தக் குப்பிதான். திசுக்களைப் பதப்படுத்தும் கரைசல் தயாரிக்க உயிரியல் ஆய்வகங்கள் இதை வாங்கி வைத்தன. ஆய்வகத்துக்கு வரும்போது வழக்கமாக 30 விழுக்காட்டுக்குக் குறையாத நீருடன்தான் வரும். அந்த ஈரமே அதன் பாதுகாப்பு. ஆண்டுக்கணக்கில் நீர் ஆவியாகி உலர்ந்துவிட்டால், உராய்வுக்கும் அதிர்ச்சிக்கும் சூட்டுக்கும் வெடிக்கக்கூடிய பொருளாகிவிடும். போர்க்காலத்தில் இது வெடிமருந்தாகவே பயன்பட்டது. 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடித்து நகரத்தையே சிதைத்த சரக்குக் கப்பலில் மிகுதியாக இருந்ததும் இந்த அமிலந்தான். உங்கள் குப்பிக்கு உலோக மூடி வேறு இருக்கிறது. இந்த அமிலம் உலோகத்தோடு சேர்ந்து உண்டாக்கும் பிக்ரேட் உப்புகளில் பல, அமிலத்தைவிட எளிதில் வெடிப்பவை. மூடியின் மரைக்குள் அவை படிந்திருந்தால், மூடியைத் திருகும் அந்த ஒரு திருப்பமே போதும். ஆகவே திறந்து பார்ப்பது, தண்ணீர் விட்டு நனைக்க முயல்வது, வேறு தட்டுக்கு நகர்த்துவது எதையும் செய்யாதீர்கள். தொட்டியில் ஊற்றுவதும் தவறு. செம்பு, ஈயக் குழாய்களுக்குள் அதே பிக்ரேட் உருவாகிப் பிற்காலத்தில் குழாய் பழுதுபார்க்க வருபவருக்குக் கேடாகும்.

இதே குடும்பத்தில் இன்னொன்றையும் பட்டியலில் தேடுங்கள். ஆல்டிஹைடு, கீட்டோன் சோதனைக்கு வைத்திருக்கும் 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன் என்ற ஆரஞ்சுத் தூளும் உலர்ந்தால் ஆபத்தானதே. 2016 இறுதியில் பிரிட்டனில் பள்ளிகளிடையே இதைப் பற்றி எச்சரிக்கை பரவி, பல பள்ளிகளுக்கு வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதை அகற்ற வேண்டியிருந்தது. நல்ல பள்ளிகளிலும் இப்படிச் சேர்ந்துபோகிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்; இதில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஈதர் காற்றோடும் வெளிச்சத்தோடும் பழகப் பழக, எளிதில் வெடிக்கும் பெராக்சைடுகளை உண்டாக்கும். பாதி குறைந்த போத்தல் என்றால் மீதிப் பாதியில் காற்று நிற்கிறது என்று பொருள். திறந்த ஈதரைச் சில மாதங்களுக்குள் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லது அகற்றிவிட வேண்டும் என்பது ஆய்வகங்களின் பொது நடைமுறை; திறந்த தேதி எழுதப்படாத போத்தலைக் கெட்டுப்போனதாகவே கொள்ள வேண்டும். மூடியைச் சுற்றி வெண்படிகமோ, அடியில் கெட்டியான அடுக்கோ தெரிந்தால் அதுவும் பிக்ரிக் குப்பிக்கு இணையானது. ஈதர் 35 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிப்பதால், டர்பன் கோடையில் மூடிய பின்னறையில் அதன் ஆவி கசிந்து தரையோடு தங்கும். ஆகவே அந்த அறையில் தீக்குச்சி, சூடேற்றி, பழைய மின்விசிறி எதுவும் வேண்டாம். மின்வெட்டு வேளையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொட்டாசியம் எண்ணெய்க்குள் இருந்தாலும் மெல்ல மெல்ல ஆக்சிஜனை ஏற்று, மேலே மஞ்சளோ ஆரஞ்சோ நிறத்தில் சூப்பராக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும். அப்படிப்பட்ட துண்டைக் கத்தியால் வெட்டினால், படலம் உலோகத்தோடும் எண்ணெயோடும் அழுந்தி வெடித்த நிகழ்வுகள் உண்டு. சோடியத்தைக் கையாண்ட பழக்கத்தில் இதைக் கையாளக் கூடாது.

ஆக, இந்த மூன்றில் ஒன்றுகூடப் பள்ளியின் வேலையன்று. அறையைப் பூட்டி, கதவில் ஆங்கிலத்திலும் ஜூலு மொழியிலும் எச்சரிக்கை ஒட்டி, காவலாளிக்கும் சொல்லிவிடுங்கள். படிகம் தெரியும் பிக்ரிக் அமிலத்தைப் பற்றியும், படிகமோ கெட்டியான அடுக்கோ தெரிந்தால் ஈதரைப் பற்றியும் முதல்வர் வாயிலாகக் காவல்துறைக்குத் தெரிவித்து, வெடிபொருள் பிரிவினரின் உதவியைக் கேளுங்கள். 10111 என்ற எண்ணில் தொடங்கலாம். மற்றவற்றை, அபாயக் கழிவு எடுத்துச் செல்ல உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைத்து, பாதுகாப்பாக அகற்றியதற்கான சான்றிதழை வாங்கிக் கோப்பில் வையுங்கள். நகராட்சிக் குப்பை வண்டியில் போட்டால், வண்டியின் அழுத்துதட்டு அமிலத்தையும், மற்றவற்றை எரியத் தூண்டும் ஆக்ஸிஜனேற்றியையும் ஒன்றாக நசுக்கும். பின்னால் தொங்கிக்கொண்டு வரும் தொழிலாளியின் முகத்துக்கு நேரேதான் அது நடக்கும்.

அபாயமானவை வெளியேறிய பிறகு மீதி அலமாரியை நீங்களே ஒழுங்குபடுத்தலாம். பல பள்ளிகளில் ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருப்பார்கள். தேடுவதற்கு வசதிதான், ஆனால் அந்த வரிசையில் பொட்டாசியம் உலோகத்துக்குச் சில போத்தல்கள் தள்ளிப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்ற ஆக்ஸிஜனேற்றி வந்து நிற்கும். எரிபவை, ஆக்ஸிஜனேற்றிகள், அமிலங்கள், காரங்கள், நீரோடு வினைபுரிபவை எனப் பிரித்து, திரவங்களைத் தட்டுக்குள் வைத்து, கண்மட்டத்துக்குக் கீழே அடுக்குங்கள். நைட்ரிக் அமிலத்தை மற்ற அமிலங்களிடமிருந்தும் பிரித்து வையுங்கள். இடம் மிச்சமாகட்டும் என்று இரண்டு போத்தல்களை ஒன்றாகச் சேர்க்காதீர்கள். நைட்ரிக் அமிலக் கழிவில் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்தாலே உள்ளே வாயு பெருகி, மூடிய போத்தல் சில மணி நேரம் கழித்து, யாரும் எதிர்பாராத வேளையில் உடையும்.

இந்த வேலையின்போது அமிலம் தெறித்தால், பட்ட இடத்தை உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரமும் கழுவ வேண்டும். சோடா மாவால் நடுநிலையாக்க முயல்வதும், வீட்டு வழக்கப்படி மஞ்சளோ பற்பசையோ பூசுவதும் காயத்தை மோசமாக்கும். பொருள் உள்ளே போயிருந்தால் 0861 555 777 என்ற நச்சுத் தகவல் எண்ணை அழைக்கலாம். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 10177, கைப்பேசியிலிருந்து 112. பொட்டாசியம் தீப்பற்றினால் தண்ணீர் கூடாது; உலர்ந்த மணல் மட்டுமே. பெரிதாகிவிட்டால் அதையும் விட்டுவிட்டு வெளியேறுங்கள்.

வரும் தீயணைப்பு வீரர்கள் முதலில் கேட்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதையே. எனவே நீங்கள் எழுதிய பட்டியலின் ஒரு படியும், ஒவ்வொரு பொருளுக்கும் 16 பிரிவுகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாளும் ஆய்வகத்துக்குள் மட்டும் இருந்தால் போதாது. அலுவலகத்திலோ வாயிற்காவலறையிலோ கூட இருக்க வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் நம் நகரின் வடக்கே கோர்னூபியாவில் வேளாண் வேதிப்பொருள் கிடங்கு எரிந்தபோது, தீயை அணைத்த நீரே நஞ்சைச் சுமந்து ஓலாங்கா கழிமுகத்தில் இறங்கி மீன்களைக் கொன்றதையும், கடற்கரைகள் மூடிக் கிடந்ததையும் நீங்கள் அறிவீர்கள். பள்ளி அலமாரி அவ்வளவு பெரிதன்று என்றாலும், உங்கள் ஆய்வகத் தரையின் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பட்டியலின் அடியில் ஒரு வரியாக எழுதிவையுங்கள்.

துப்புரவுப் பணியாளரை இதில் ஈடுபடுத்தவே வேண்டாம். 2021இல் வந்த அபாய வேதிப்பொருள் ஒழுங்குவிதிகளின்படி, இவற்றுக்கு ஆட்படக்கூடிய ஊழியருக்கு முன்கூட்டியே தகவலும் பயிற்சியும் அளிப்பது வேலை தருபவரின் கடமை. அவை இல்லாமல் அவர் கையில் ஒரு போத்தலைக் கொடுப்பது சட்டப்படியும் தவறு, மனிதத்தன்மைப்படியும் தவறு. முதல்வரிடம் இவற்றை எழுத்தில் கொடுங்கள். அவர் வைத்த கெடுவைப் பற்றியும் பேசுங்கள்: டிசம்பர் நடுவில் இங்கே பல நிறுவனங்கள் மூடி ஜனவரியில்தான் திறக்கும் என்பதால், கழிவு எடுப்பவர்களிடம் இந்த வாரமே தேதி கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் முதல் பருவம் தொடங்கிய பிறகும் அந்த அறை பூட்டியே இருக்கட்டும். அந்தப் பருவச் செய்முறை வகுப்புகளை வேறு அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.