பிள்ளைகள் ஆடும் மைதானத்தில் பீர் எதற்கு?

கேள்வி: என் மகன் 12 வயதுக்கு உட்பட்டோருக்கான கிரிக்கெட் அணியில் ஆடுகிறான். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளுக்குப் பெற்றோரும் போவோம். சில மாதங்களாக நான்கைந்து அப்பாக்கள் கார் டிக்கியில் பீர் கொண்டுவந்து, மரத்தடியில் குடித்தபடியே ஆட்டம் பார்க்கிறார்கள். போன வாரம் ஒருவர் தன் மகனையே அனுப்பிக் காரிலிருந்து இன்னும் இரண்டு பாட்டில் எடுத்துவரச் சொன்னார். நான் ஆட்சேபித்தபோது, "வெளிநாட்டில் இதெல்லாம் சகஜம், யாருக்கும் தொந்தரவு இல்லையே" என்றார்கள். நான்தான் பத்தாம்பசலியா?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: பத்தாம்பசலி என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். உங்களோடு சேர்ந்து ஆட்சேபிக்க அந்த மைதானத்தில் இன்னும் பத்துப் பேர் எழுந்து வந்திருக்க வேண்டும்.

பாட்டிலை எடுத்துவரப் போன பையனிடமிருந்தே தொடங்குகிறேன். 18 வயது நிரம்பாத ஒருவரை மது எடுத்துச் செல்லவோ கொண்டுவந்து கொடுக்கவோ பயன்படுத்துவது குற்றம் என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 78. ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு தகப்பனைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு விற்கவே கூடாத ஒரு பொருளை, காலில் பேட் கட்டிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருக்கும் சிறுவனைக் கொண்டு எடுத்துவரச் செய்வது எவ்வளவு பெரிய தவறு என்பது அவருக்கு உறைக்க வேண்டும்.

வெளிநாடு என்கிறார்களே, எந்த வெளிநாடு? இங்கிலாந்தின் பெரிய கால்பந்துப் போட்டிகளில், ஆட்டம் நடக்கும்போது ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது வைத்திருப்பதே 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஸ்காட்லாந்தில் 1980 கோப்பை இறுதி ஆட்டம் ரசிகர்களின் அடிதடியில் முடிந்ததும் கால்பந்து மைதானங்களில் மதுவுக்குத் தடை வந்தது. நம் மாநிலத்தில் 2023 ஏப்ரலில் சிறப்பு உரிமத்தின் பேரில் திருமண மண்டபங்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் மதுவை அனுமதிக்க அறிவிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் திருமண மண்டபங்களை நீக்கினார்கள். அப்போதும் அரசு பேசியது சர்வதேச, தேசியப் போட்டிகளைப் பற்றித்தான். பெரியவர்கள் ஆடிப் பெரியவர்கள் பார்க்கும் ஆட்டங்களுக்கே இத்தனை கட்டுப்பாடு.

"யாருக்கும் தொந்தரவு இல்லை" என்ற சொல்தான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது. சேப்பாக்கத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவரை நம்பி எந்த ஆட்டக்காரரும் களத்தில் இறங்குவதில்லை. பிள்ளைகளின் ஆட்டம் அப்படியா? எல்லைக்கோட்டுக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு பெரியவரும் அங்கே பொறுப்பில் இருக்கிறார். ஏப்ரல், மே மாதச் சென்னை வெயிலில் ஒரு பையன் தலைசுற்றி விழுந்தால், நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடுப்பைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, 108-ஐ அழைக்க வேண்டியவர் யார்? தோல் பந்து முகத்தில் பட்டால் காரை எடுக்க வேண்டியவர் யார்? 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே வண்டி ஓட்டக் கூடாது. முதல் முறை பிடிபட்டாலே ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். ஆட்டம் முடிந்ததும் அந்தக் கார்களின் பின்னிருக்கையில் ஏறுவது பிள்ளைகள். பல சமயம் அடுத்த வீட்டுப் பிள்ளைகளும்.

நடுவரையும் நினைத்துப் பாருங்கள். இத்தகைய போட்டிகளில் நடுவராக நிற்பவர் பெரும்பாலும் ஓர் இளைஞர். எல்.பி.டபிள்யூ. கொடுத்துவிட்டால் அவருக்குக் கிடைக்கும் வசையை எந்த மைதானத்திலும் கேட்கலாம். குடிக்காத பெற்றோரும் கத்துகிறார்கள், உண்மை. ஆனால் இரண்டு பாட்டில் உள்ளே போனபின் எங்கே நிறுத்துவது என்று கத்துபவருக்கே தெரிவதில்லை. அது யாருடைய அப்பாவின் குரல் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவருடைய மகன் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டேதான் அடுத்த பந்தை எதிர்கொள்ள வேண்டும். வீட்டில் குடி இருந்தால் அதைத் தோழர்களிடம் மறைக்கப் பிள்ளைகள் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். எதையும் மறைக்கத் தேவையில்லாமல் அந்தப் பையன் ஓடி ஆடும் ஓரிடம் மைதானம். அதையுமா பறிப்பது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த நகரத்தின் பொதுத் திடல்களில் காலையில் கால்பந்து ஆட வரும் ஏழைப் பிள்ளைகள் முதல் வேலையாக முந்தைய இரவின் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்க வேண்டியிருக்கிறது. வெறுங்காலோடு ஆடுகிறவர்கள் அவர்களில் உண்டு. அங்கே குடிப்பவரைப் போலீஸ் விரட்டுகிறது, நாமும் முகம் சுளிக்கிறோம். ஐஸ் பெட்டியோடு காரில் வந்து குடிப்பவரை மட்டும் நாகரிகமானவர் என்று ஏன் விட்டுவைக்க வேண்டும்?

தம் வீட்டில் ஒருவர் குடிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை; நானும் அதற்குள் போகவில்லை. "ஒரு பீர்தானே" என்பவர்களுக்கு மட்டும்: உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

குடித்திருப்பவரிடம் மைதானத்தில் தனியாக நின்று வாதாடாதீர்கள். உங்களைப் போலவே நினைக்கும் பெற்றோர் சிலரின் கையெழுத்தோடு பயிற்சியாளருக்கு எழுதிக் கொடுங்கள். போட்டி நாளில் மைதானத்திலும் வண்டிகள் நிற்கும் இடத்திலும் மது கூடாது என்ற வரி சேர்க்கைப் படிவத்திலேயே இருக்கட்டும். மீறினால் தண்டனை பையனுக்குப் போகக் கூடாது. அவன் ஆடட்டும், அப்பா வாசலுக்கு வெளியே நிற்கட்டும். திடலை வாடகைக்குத் தருவது பள்ளியோ கல்லூரியோ என்றால் கடிதத்தின் ஒரு பிரதி அவர்களுக்கும் போகட்டும். கட்டணம் கட்டும் அப்பாக்களைப் பகைத்துக்கொள்ளப் பயிற்சியாளர் தயங்கலாம். நீங்களும் கட்டணம் கட்டுகிறவர்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். அப்படியும் அவர் அசையாவிட்டால் மகனை வேறு அகாடமியில் சேருங்கள். ஏன் விலகுகிறீர்கள் என்பதை எழுத்தில் கொடுத்துவிட்டு விலகுங்கள்.