எங்கள் சாஃப்ட்வேர் டீமில் ஸ்டாண்ட்-அப் (தினசரிச் சிறு கூட்டம்) 45 நிமிடம் ஓடுகிறது, ஸ்பிரிண்ட் (சில வார வேலைச் சுற்று) கடைசியில் பாதி டிக்கெட் (பிரித்துக் கொடுத்த வேலை) டெஸ்டிங்கில் தேங்கி நிற்கிறது. என்ன செய்யலாம்?

இரண்டும் ஒரே நோய்தான்: ஆளுக்கொரு டிக்கெட், ஆளுக்கொரு உலகம்.

ஸ்டாண்ட்-அப்பில் எல்லோரும் மேனேஜரைப் பார்த்து ஒப்பிக்கிறார்கள் என்றால், அது வருகைப் பதிவேடு. ஸ்க்ரம் (டீம் வேலையை ஸ்பிரிண்ட்களாகப் பிரித்து நடத்தும் முறை) விதிப்படி அது 15 நிமிடம், டெவலப்பர்கள் அன்றைய வேலையைத் தங்களுக்குள் திட்டமிடுவதற்கு. 'நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன' என்ற மூன்று கேள்விகளை 2020 ஸ்க்ரம் கையேட்டிலேயே எடுத்துவிட்டார்கள். நாம்தான் விடவில்லை!

ஆட்களை வரிசையாகக் கேட்காமல் போர்டை (டிக்கெட்டுகளை நிலைவாரியாகப் பத்தி பத்தியாகக் காட்டும் பலகை; முடிந்தவை வலது ஓரம்) வலமிருந்து இடமாகப் பாருங்கள். முடியும் தறுவாயில் இருக்கும் டிக்கெட்டுக்கு முதல் பேச்சு: "இதை இன்றே முடிக்க யார் வேண்டும்?"

என் பழைய டீமில் ஆறு பேர், போர்டின் 'இன் புரோகிரஸ்' (நடந்துகொண்டிருப்பவை) பத்தியில் பதினோரு டிக்கெட். "முடிஞ்சிடுச்சு, டெஸ்டிங் மட்டும் பாக்கி" என்பதுதான் தினசரி மந்திரம். அந்தப் பத்தியில் நான்குக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தோம். முதல் வாரம் ஒரே முணுமுணுப்பு. கை சும்மா இருந்தவர் புது டிக்கெட் எடுக்க முடியாமல், டெஸ்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தேதி ஃபார்மட் பிழை ஒன்று பத்து நிமிடத்தில் தீர்ந்தது. வழக்கமாக அது கமென்ட்டிலேயே இரண்டு நாள் அலையும்.

அப்புறம், ஸ்டோரி பாயின்ட்டை (ஒரு வேலை எவ்வளவு பெரிது என்று டீம் போடும் மதிப்பீட்டு எண்) வைத்து யார் அதிகம் உழைத்தார் என்று கணக்குப் போடும் மேனேஜர் இருந்தால், முதலில் அவரிடம் பேசுங்கள். அதை நிறுத்தாதவரை யாரும் பக்கத்து இருக்கைக்கு உதவப் போகமாட்டார்கள்.