ஆன்லைனில் வாங்கிய ஃபிரிட்ஜ் சொன்ன தேதியில் வரவில்லை, என்ன செய்யலாம்?

முதலில், ஆத்திரத்தில் நீங்களாக ஆர்டரை ரத்து செய்துவிடாதீர்கள். தள்ளுபடி சமயத்தில் வாங்கியிருப்பீர்கள். ரத்து செய்தால் பணம் திரும்பி வரும், அந்த விலை திரும்பி வராது. சில நேரம் அவர்கள் எதிர்பார்ப்பதே அதைத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எங்களுக்கு இது போன கோடையில் நடந்தது. ஊர் தென்காசிப் பக்கம். பழைய ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் போய்விட்டதால் அக்னி நட்சத்திர நேரத்தில் புதிதாக ஒன்று ஆர்டர் போட்டோம். தேதி வந்தது, ஃபிரிட்ஜ் வரவில்லை. செயலியில் காலையில் 'இன்று டெலிவரி' என்று காட்டும். சாயங்காலம் அதுவே 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று மாறிவிடும். அம்மா வாசலை விட்டு நகரவே இல்லை, போனிலும் ஓர் அழைப்பு கிடையாது. தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்தப் பொய்தான் எரிச்சல்.

அம்மாவுக்கு இன்சுலின் உண்டு. பிரிக்காத பேனாக்கள் எதிர்வீட்டு அக்காவின் ஃபிரிட்ஜில், முட்டைக்குப் பக்கத்தில் இருந்தன. போட்டுக்கொண்டிருந்த பேனாவை டப்பாவில் இறுக்கி மூடி மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டோம். காலையில் கரைத்த மாவு மத்தியானமே பொங்கி வழிந்தது. கிரெடிட் கார்டு தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது.

கஸ்டமர் கேரில் பேசுகிறவர்களைத் திட்டிப் பயனில்லை. 'இன்னும் 48 மணி நேரத்தில்' என்பதைத் தவிர அவர்களிடம் பதில் இல்லை. பின்னால் சாமான் இறக்க வந்த தம்பி சொன்னார்: எங்கள் பக்கம் வருகிற வண்டி நிறைகிற வரைக்கும் பெரிய சாமான் கிடங்கிலேயே கிடக்குமாம்.

அதனால் போன் பேச்சை விட்டுவிட்டு எழுத்தில் இறங்குங்கள். 'வீட்டில் இல்லை' என்று வருவதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள்படி, புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சொன்ன தேதி தாண்டி வந்த பொருளை வேண்டாம் என்றால் விற்றவர் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுக்கவும் கூடாது. புயல், வெள்ளம் மாதிரி கைமீறிய காரணம் என்றால் மட்டும் விலக்கு.

அதற்கும் அசையாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அது நீதிமன்றம் இல்லை, புகாரை நிறுவனத்துக்குத் தள்ளிவிட்டுப் பதில் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஃபிரிட்ஜ் கிடங்கை விட்டுக் கிளம்பியது அங்கே பதிந்த பிறகுதான். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

அப்புறம் ஒன்று. வண்டியே வராமல் 'ஓடிபி சொல்லுங்க சார், சிஸ்டத்துல முடிச்சிடறேன்' என்று போன் வந்தால் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் பொருள் உங்கள் கைக்கு வந்ததாகப் பதிவாகிவிடும். பெட்டியைப் பிரித்து, ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று பின்பக்கம் வரை பார்த்த பிறகு எண்ணைக் கொடுங்கள். படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு அப்புறம் பிளக்கைச் செருகுங்கள்.